தண்ணீரில் ஓடாது பெட்ரோல் வண்டி

ஆசிரியருக்கு,

தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து இன்ஜினுக்குள் செலுத்தினால் மைலேஜ் கூடும் என்று சொல்லி விற்கப்படும் கருவிகளைப் பற்றி எழுதுகிறேன். நம்பி வாங்குபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஹைட்ரஜன்-ஆக்சிஜன் வாயுக் கலவை தரும் கருவியில் ஒரு நிமிடத்தில் கிடைக்கும் ஆற்றல் சுமார் 8 கிலோஜூல். மணிக்கு 6 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் கார் அதே நிமிடத்தில் எரிப்பதோ 3,200 கிலோஜூல். ஏறக்குறைய 400 மடங்கு! அந்தச் சொற்ப ஹைட்ரஜனைப் பிரிக்கவும் மின்சாரம், வண்டியில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்துதான் வர வேண்டும். ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது இன்ஜின், இன்ஜினை ஓட்டுவது அதே பெட்ரோல். வழியெங்கும் இழப்புதான்.

ஹைட்ரஜன் வேகமாக எரியும், பெட்ரோல் குறைந்த கலவையும் அணையாமல் எரிய உதவும் என்பது உண்மை. நாசா 1977-இல் வெளியிட்ட ஆய்வும் அதைப் பற்றியதே. ஆனால் அங்கே வண்டியின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கவில்லை. செலுத்திய ஹைட்ரஜனின் அளவும் மிக அதிகம். விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

இன்னொன்று: சிலர் கருவியோடு, புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து பெட்ரோல் அளவைச் சரிசெய்ய உதவும் ஆக்சிஜன் சென்சாரின் அளவீட்டையும் மாற்றிவிடுகிறார்கள். இன்ஜின் கெட்டுப்போக அது ஒன்றே போதும். இத்தகைய விளம்பரங்களைத் தங்கள் நாளிதழ் ஏற்காமல் இருக்க வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர்