அந்த 18 நொடிகளை நீக்கிவிடுங்கள்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளையும் செய்தி யூடியூப் சேனல்களையும் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் அஞ்சல் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மடலை உங்களில் ஒருவருக்கு மட்டும் எழுதியிருக்க வேண்டும். மூன்று முறை எழுதவும் செய்தேன். விரைவுத் தபாலில் அனுப்பிய இரண்டையும் உங்கள் அலுவலகத்தில் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டதற்குச் சான்று இருக்கிறது, பதில் இல்லை. மின்னஞ்சலுக்கு மட்டும் 'உங்கள் ஆதரவுக்கு நன்றி, தொடர்ந்து இணைந்திருங்கள்' என்று ஓர் இயந்திரப் பதில் வந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவனின் விபத்துக் காணொளியை முதலில் வெளியிட்டவர் ஒருவர்தான் என்றாலும், அதை எடுத்து மேலே தங்கள் முத்திரையைப் பதித்து மறுபடி வெளியிட்டவர்கள் பலர் என்பதால், யார் பெயரையும் சொல்லாமல் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

விபத்தைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நீங்கள்தான் ஊருக்கே சொன்னீர்கள். சென்ற கார்த்திகையில், வேலை முடிந்து இரு சக்கர வாகனத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த என் தங்கை மகன் லாரி மோதி இறந்தான். வயது 24. சாலையோரப் பெட்ரோல் பங்கின் கேமராவில் அது பதிவாகியிருந்தது. அந்தப் பதிவு யார் கையிலிருந்து உங்கள் கைக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. உடற்கூறாய்வுக்காக எங்களிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே அது ஒளிபரப்பாகிவிட்டது என்பது மட்டும் தெரியும். 18 நொடிகள்தான். அதை மூன்று முறை ஓட்டி, மூன்றாம் முறை வேகத்தைக் குறைத்து, அவன் தலையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, திகில் படத்துக்கு உரிய இசையையும் சேர்த்து, 'பதைபதைக்க வைக்கும் சிசிடிவி காட்சி' என்று தலைப்பிட்டிருந்தீர்கள். ஓரத்தில் 'இளகிய மனம் கொண்டவர்கள் பார்க்க வேண்டாம்' என்று ஒரு வரியும் இருந்தது.

மருத்துவமனையில் உடலைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகத்தின் இடப்பக்கம் மட்டும் தெரியும்படி துணியை விலக்கி, தாய்மாமன் என்ற முறையில் நான்தான் என் தங்கையைக் கைப்பிடித்து அழைத்துப்போய்க் காட்டினேன். அதற்கு மேல் அவள் பார்க்க வேண்டாம் என்று பெரியவர்கள் பேசி முடிவு செய்திருந்தோம். தூங்குகிற மாதிரியே இருக்கிறான் என்றாள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடினாள். அதற்கு அடுத்த நாள், பக்திப் பாடல் கேட்கலாம் என்று கைப்பேசியைத் திறந்தவளின் முன்னால், தேடாமலும் கேட்காமலும் உங்கள் காணொளி வந்து நின்றது. நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து மூடி வைத்ததை நீங்கள் திறந்து காட்டிவிட்டீர்கள்.

இன்று அவளுக்கு அந்த 18 நொடியும் மனப்பாடம். முதல் ஒன்பது நொடிகளில் அவன் பங்கிலிருந்து வெளியே வந்து வண்டியை நிறுத்துகிறான், ஹெல்மெட்டின் முன்கண்ணாடியைத் தூக்கிச் சட்டை நுனியால் துடைக்கிறான், குறுக்கே சைக்கிளில் வரும் ஒரு பெரியவருக்குப் போகும்படி கைகாட்டிவிட்டுப் புறப்படுகிறான். பத்தாவது நொடியில் லாரி வருகிறது. என் தங்கை ஒன்பதாவது நொடியில் நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஓட்டுகிறாள். சில நாள் விரல் பிந்திவிடும். அன்று அடுப்பு எரியாது; தெருவில் கனரக வண்டி எது போனாலும் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மனநல மருத்துவரிடம் காட்டி மாத்திரை சாப்பிடுகிறாள். அந்தக் காணொளியை நீக்கச் சொல்லி உங்களுக்கு எழுதப்போவதாகச் சொன்னபோது, "அப்ப அவன் கைகாட்டுறதும் போயிருமேண்ணே" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் நீக்கச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

தொலைபேசியில் ஒரே ஒரு முறை உங்கள் அலுவலகத்து இளைஞர் ஒருவரிடம் பேச முடிந்தது. மரியாதையாகத்தான் பேசினார். "விழிப்புணர்வுக்காகப் போட்டது சார், ஹெல்மெட் போடணும்னு மக்களுக்குத் தெரியணும்ல" என்றார். அவன் ஹெல்மெட் போட்டிருந்தான். தன் தடத்தில்தான் போனான். தவறான தடத்தில் வந்தது லாரி. நீங்களே வட்டம் போட்டுக் காட்டிய தலையில் ஹெல்மெட் இருப்பதைக்கூடப் பார்க்காமல் செய்யப்படும் விழிப்புணர்வு என்ன வகை என்று எனக்குப் புரியவில்லை. 2022இல் மட்டும் இந்த நாட்டின் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக ஒன்றிய அரசின் கணக்கு சொல்கிறது. இத்தனை காலமாக நீங்கள் நாள் தவறாமல் ஊட்டிவரும் விழிப்புணர்வுக்குப் பின்னும் இதுதான் கணக்கு. அந்தக் காணொளிக்கு முன்னால் ஒரு நகைச் சீட்டு விளம்பரமும் வருகிறது. ஐந்து நொடி பொறுத்தால் அந்த விளம்பரத்தைத் தவிர்த்துவிடலாம் என்று திரையிலேயே எழுதியிருக்கிறது. விளம்பரத்தின்மேல் காட்டும் அந்தக் கரிசனத்துக்கு நன்றி.

நானும் யோக்கியன் அல்லன். உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில் பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலையின் கேமராப் பதிவைத் திரும்பத் திரும்ப நீங்கள் காட்டியபோது, சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானும் பார்த்தேன். 2019 அக்டோபரில் நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை சுஜித் விழுந்த ஆழ்துளைக் கிணற்றருகே நீங்கள் இரவு பகலாக நின்ற நாட்களில், தீபாவளியன்றுகூட எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி அணையவில்லை. பார்ப்பதுதான் இரக்கம் என்று நினைத்திருந்தேன். அதன் பிறகு பல வாரம் தூக்கம் கெட்டதையும், பேரப்பிள்ளைகளை வாசலுக்கு அனுப்பவே பயந்ததையும் வயதின் கோளாறு என்று எடுத்துக்கொண்டேன். பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் 2013இல் குண்டு வெடித்தபோது அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 4,675 பேரிடம் விசாரித்திருக்கிறார்கள். அந்த வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் அதன் செய்திகளிலும் காட்சிகளிலும் மூழ்கியிருந்தவர்கள், வெடித்த இடத்திலோ அதன் அருகிலோ இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தத்தைச் சொல்லியிருக்கிறார்கள். பார்ப்பவருக்கு ஒன்றும் ஆகாது என்று இனியும் நாம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

கொடுமையான காட்சிகளையெல்லாம் மறைத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வன்னியில் 2009இல் நடந்ததற்குக் கைப்பேசிப் பதிவுகளும் சாட்சியாக இருக்கின்றன. அமெரிக்காவின் மினியாபொலிஸ் தெருவில் 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு காவலரின் முழங்கால் இருந்ததை 17 வயதுப் பெண் ஒருத்தி படம்பிடிக்காமல் விட்டிருந்தால் அந்தக் கொலை வழக்கு எப்படிப் போயிருக்குமோ. எங்கள் பையனின் 18 நொடிப் பதிவுக்கும் போக வேண்டிய இடங்கள் இருக்கின்றன. லாரி எந்தத் தடத்தில் வந்தது என்பதைக் காவல் நிலையத்திலும், பிறகு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் அதுதான் சொல்லப்போகிறது. அங்கே அதற்குச் சிவப்பு வட்டமும் இசையும் தேவைப்படவில்லை.

இப்படிச் செய்யக் கூடாது என்று உங்களுக்கு யாரும் சொல்லாமலும் இல்லை. 2023 ஜனவரி 9ஆம் நாள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொலைக்காட்சிகளுக்கு அனுப்பிய அறிவுரையில், சமூக ஊடகத்திலிருந்து எடுத்த விபத்துக் காட்சிகளையும் சடலங்களையும் மங்கலாக்காமலும் அண்மைக் காட்சியாகவும் காட்டுவதைக் கண்டித்திருந்தது. கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின்கீழ் உள்ள நிகழ்ச்சி விதிகளையும் நினைவூட்டியிருந்தது. உங்களில் பலர் அந்த அறிவுரையையும் செய்தியாக வாசித்தீர்கள்.

பழைய காலம் உத்தமமானது என்றும் சொல்ல மாட்டேன். மாலைப் பத்திரிகைகளும் பிணத்தின் படத்தை முதல் பக்கத்தில் போட்டவைதான். ஆனால் அது மறுநாள் கடலை மடிக்கப் போய்விடும். உங்களுடையது போவதில்லை. ஆண்டு முடியும்போது 'இந்த ஆண்டு பதறவைத்த காட்சிகள்' என்ற தொகுப்பில் அதையே மறுபடி சேர்க்கிறீர்கள்.

உங்கள் அலுவலகத்தில் அந்தச் சிவப்பு வட்டத்தைப் போட்ட பிள்ளைக்கு என்ன வயது இருக்கும் என்றும் சில சமயம் யோசிக்கிறேன். ஒரு நாளில் எத்தனை சாவைப் பார்த்து, எது நன்றாகத் தெரிகிறது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறதோ. இத்தகைய காட்சிகளைப் பார்த்து நீக்குவதையே வேலையாகச் செய்து மனம் கெட்டுப்போன அமெரிக்கப் பணியாளர்களுக்காக 2020இல் ஃபேஸ்புக் 5.2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. நீக்குகிறவர்களுக்கே அந்த நிலை என்றால், சேர்க்கிறவரையும் கொஞ்சம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். அந்த 18 நொடிக் காணொளியையும், அதன் துண்டுகளையும், அவன் முகம் உள்ள முகப்புப் படத்தையும் உங்கள் பக்கங்களிலிருந்து நீக்கிவிடுங்கள். இனி எந்தக் குடும்பத்துக்கும் ஒருவர் உயிர் பிரியும் கணத்தைக் காட்டாதீர்கள். விபத்து நடந்தது, இன்ன காரணத்தால் நடந்தது என்பதைச் சொல்லுங்கள், நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

வரும் கார்த்திகையில் அவனுக்கு முதல் திதி. சொந்தத்தில் நடந்த ஒரு கல்யாணத்தின் வீடியோவில், பந்தியில் அவன் பாயசம் பரிமாறிக்கொண்டே கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதை மட்டும் வெட்டியெடுத்துத் தங்கையின் கைப்பேசியில் ஏற்றி வைத்திருக்கிறேன். அவள் இன்னும் திறக்கவில்லை. திதிக்கு முன் உங்களுடையதை நீக்கிவிட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். முகவரி உங்களிடம் இருக்கிறது, இரண்டு உறைகளின் பின்புறத்திலும் எழுதியிருந்தேன்.

இப்படிக்கு,
அவனுடைய தாய்மாமன்