நல்லிணக்க நாளில் உறுதிமொழியோடு பின்னலுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 20ஆம் நாள் அரசு அலுவலகங்களில் நல்லிணக்க நாள் உறுதிமொழி வாசிக்கப்படுவதையும், மேடையில் மூன்று சமயப் பெரியவர்கள் கைகோத்து நிற்கும் படம் மறுநாள் நாளிதழ்களில் வெளிவருவதையும் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். அந்த முயற்சிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கீழே நாற்காலிகளில் அமர்ந்திருப்பவர்கள், பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எழுந்து போய்விடுகிறார்கள் என்பதே என் கவலை. பள்ளியில் தையல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்த கைவேலையை வைத்து ஒரு யோசனையைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். பல சமயத்தவரும் பொது இடத்தில் ஒன்றாக அமர்ந்து ஒரே துணியைப் பின்னுவதை, ஒரு நிகழ்கலையாகவே நாம் நடத்த வேண்டும் என்பதுதான் அது.

பின்னல் கலைக்கும் சமயங்களின் சந்திப்புக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. ஸ்பெயின் நாட்டில் புர்கோஸ் நகரை அடுத்துள்ள லாஸ் வெல்காஸ் என்ற கன்னியர் மடத்தில் காஸ்டில் அரச குடும்பத்தாரின் கல்லறைகள் உள்ளன. அங்கே, 1275இல் இறந்த இளவரசர் பெர்னாண்டோ தெ லா செர்தாவின் கல்லறையில் பட்டு நூலால் பின்னிய தலையணை உறை ஒன்று கிடைத்தது. ஓர் அங்குல அகலத்துக்குள் ஏறத்தாழ இருபது கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், இருக்கும் அளவுக்கு அது நுணுக்கமானது. கையில் ஊசி பிடித்துப் பழகியவர்களுக்குத்தான் அந்த நுணுக்கத்தின் அருமை முழுமையாகப் புரியும். இன்று நாம் சாதாரணமாகப் பின்னும் கம்பளிச் சட்டையில் ஓர் அங்குலத்துக்கு ஐந்தாறு கண்ணிகள் இருந்தாலே அதிகம். அந்த உறையில் அரச குடும்பத்தின் சின்னங்கள் உள்ளன. அவற்றோடு ‘ஆசி’ என்று பொருள்படும் சொல் அரபி எழுத்தில் பின்னப்பட்டுள்ளது. கிறிஸ்தவ அரசர்களிடம் வேலை செய்த முஸ்லிம் கைவினைஞர்கள் பின்னியது இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு கிறிஸ்தவ இளவரசரை அரபி மொழி ஆசியோடு அடக்கம் செய்திருக்கிறார்கள் என்பதை முதன்முதலில் படித்தபோது என் மனம் நெகிழ்ந்தது உண்மை.

ஆயினும் வரலாற்றைச் சற்று உற்றுப் பார்த்தால் அந்த நெகிழ்ச்சி மட்டும் போதாது என்று தெரிகிறது. இளவரசரின் பாட்டனார்தான் 1248இல் செவில் நகரை முஸ்லிம்களிடமிருந்து கைப்பற்றியவர். இளவரசருடைய தந்தையின் ஆட்சியில் 1264இல் முஸ்லிம் குடிமக்கள் கிளர்ந்தெழுந்ததும், அந்தக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் பதிவாகியுள்ளன. இளவரசரே தெற்கிலிருந்து வந்த முஸ்லிம் படையை எதிர்க்கப் புறப்பட்ட வழியில்தான் இறந்தார். பின்னியவரின் மொழியில் ஆசி எழுதிய பட்டுறை அரண்மனைக்குள் போயிற்று. அதைப் பின்னியவரும் அதில் தலை சாய்த்தவரும் எந்நாளும் ஒரே பாயில் அமர்ந்து பேசியிருக்க வாய்ப்பில்லை. பொருள் எல்லையைக் கடந்தது, மனிதர்கள் கடக்கவில்லை.

நம் பக்கத்திலும் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்லலாம். பத்தமடைப் பாயைத் தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அதில் மணமக்கள் பெயரை நெய்து வாங்கிச் சீர்வரிசையில் வைப்பவர்களில் ஏராளமானோர் இந்துக்கள். பெருமைப்பட வேண்டிய வழக்கம்தான். ஆனால் பாய் கடை வழியாக வருகிறது. மணப்பெண்ணின் பெயரை எழுத்துக்கூட்டி நெய்த அம்மாவை அந்த மணப்பெண் பார்ப்பதேயில்லை.

ஆகவே, செய்து முடித்த பொருளில் பல சமயங்களின் அடையாளங்கள் கலந்திருப்பதைவிட, செய்யும் வேலையில் பல சமயத்து மனிதர்கள் கலந்திருப்பதே முக்கியம் என்று உறுதியாக நம்புகிறேன். அந்த வேலை நான்கு பேர் பார்க்க நடக்க வேண்டும் என்பதால்தான் நிகழ்கலை என்று சொன்னேன். பின்னலைப் பொது இடத்துக்குக் கொண்டுவருவது உலகில் புதிதல்ல. டென்மார்க் கலைஞர் மரியான் யோர்கென்சன் 2006 ஏப்ரலில் கோபன்ஹேகன் நகரில், இரண்டாம் உலகப்போர்க் கால டாங்கி ஒன்றை இளஞ்சிவப்புப் பின்னல் துணியால் முழுவதுமாகப் போர்த்தினார். இராக் போரில் தம் நாடு பங்கேற்றதற்கு எதிரான குரல் அது. பல நாடுகளிலிருந்து முகம் தெரியாதவர்கள் பின்னி அனுப்பிய நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு சதுரங்கள் அதில் இணைக்கப்பட்டிருந்தன. மலேசியாவில் பிறந்து கனடாவில் வாழும் ஜெர்மைன் கோ என்ற கலைஞர், பழைய ஆடைகளைப் பிரித்தெடுத்த நூலைக் கொண்டு ஒரே துணியை 1992 முதல் பின்னிக்கொண்டே போகிறார்; அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் முன் அமர்ந்து பின்னுவதும் அந்தப் படைப்பின் ஒரு பகுதியே. இரண்டுமே சமய நல்லிணக்கத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆனால் பலர் கைபட்ட துணி ஒன்று தெருவில் என்ன செய்ய முடியும் என்பதை முதலாவதும், பின்னும் செயலையே மக்கள் நின்று பார்ப்பார்கள் என்பதை இரண்டாவதும் காட்டிவிட்டன.

எங்கள் நாகர்கோவிலுக்கு இதில் தனி உரிமை உண்டு. 1819இல் இங்கு வந்த லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். உருண்டைத் தலையணையின் மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் அதில் ஈட்டிய பணத்தைக் கொடுத்தே தம்மை மீட்டுக்கொண்டார்கள். இதைவிடப் பெரிய மதிப்பை ஒரு கைவேலை பெற முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அதே சமயம், அந்தப் பள்ளிகள் மிஷனின் நோக்கத்தோடு நடந்தவை. வெவ்வேறு சமயத்தவர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக ஏற்பட்டவை அல்ல. அந்தக் கலையை அதற்காகவும் பயன்படுத்துவது இனி நம் பொறுப்பு.

இந்த மாவட்டத்துக்கு அது ஏன் தேவை என்று கேட்பவர்களுக்கு, 1982இல் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த கலவரத்தை நினைவூட்டினால் போதும். அன்று அமைதிக்காக ஊர் ஊராக நடந்த குன்றக்குடி அடிகளாரை இங்குள்ள மூத்தவர்கள் இன்றும் நன்றியோடு பேசுகிறார்கள். கலவரத்துக்குப் பிறகு ஒரு பெரியவர் வந்து சமாதானம் பேசுவது மகத்தான காரியம். ஆனால் வதந்தி கிளம்பும் இரவில், “அந்த வீட்டு அக்காவை எனக்குத் தெரியும், அப்படி நடந்திருக்காது” என்று சொல்லக்கூடிய பழக்கம் முன்னதாகவே இருக்க வேண்டும். உறுதிமொழி வாசிப்பதால் அந்தப் பழக்கம் வந்துவிடாது.

எங்கள் தெருவில் மூன்று சமயப் பெண்களும் மாலை வேளைகளில் குரோஷா பின்ன ஒன்றாக உட்காருவது சில காலமாக நடந்து வருகிறது. இதில் நான் கவனித்தது, கை வேலையாக இருக்கும்போது கண் கீழே இருக்கிறது, அதனால் கேள்வி கேட்பவருக்குக் கூச்சம் குறைகிறது என்பதுதான். நோன்புக் காலத்தில் ஒருநாள், “சமைக்கும்போது உப்பு சரியா என்று எப்படிப் பார்ப்பீர்கள்?” என்று ஒரு பெண் கேட்டார். “நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவோம், விழுங்கக் கூடாது” என்று பதில் வந்தது. தவக்காலத்தின் கடைசி நாள்களில் கோயில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவது ஏன் என்று இன்னொருவர் கேட்டார். துக்கம் நடந்த வீட்டார் சில நாள் ஆலயத்துக்குள் போகாதிருப்பதன் காரணத்தைக் கேட்டபோது, அந்தப் பெண்ணுக்கே விடை தெரியவில்லை. வீட்டில் மாமியாரிடம் கேட்டு மறுநாள் வந்து சொன்னார். மேடையில் ஒலிவாங்கி முன் எழ முடியாத கேள்விகள் இவை. ஒருவர் நழுவவிட்ட கண்ணியைப் பக்கத்தில் இருப்பவர் தம் ஊசியால் எடுத்துப் போட்டுக்கொடுக்கும் போது, சிறிது நேரம் இரண்டு பேரின் கைகளும் ஒரே துணியைப் பிடித்திருக்கின்றன. அந்த நெருக்கம் பேச்சுக்கும் வந்துவிடுகிறது.

கதைகளும் அங்கே பரிமாறப்படுகின்றன. அறுபத்துமூவரில் ஒருவரான நேச நாயனார் நெசவாளர். சிவனடியார்களுக்கு உடையும் கீளும் கோவணமும் நெய்து கொடுத்தே பேறு பெற்றவர். விவிலியத்தில் யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது, அவள் செய்துகொடுத்த அங்கிகளை விதவைகள் பேதுருவிடம் அழுதுகொண்டே காட்டினார்கள். நன்கு முறுக்கி நூற்ற நூலைத் தானே பிரித்துத் துண்டாக்கியவளைப் போல உங்கள் வாக்குறுதிகளை முறிக்காதீர்கள் என்று குர்ஆனின் ‘தேனீ’ அத்தியாயம் சொல்கிறது. கையில் நூல் இருக்கும்போது இந்த மூன்றும் தாமாகவே பேச்சில் வந்து சேருகின்றன. யாரும் யாருக்கும் பிரசங்கம் செய்ய வேண்டியிருப்பதில்லை.

இதை ஊரறிய நடத்துவதற்குப் பெரிய செலவில்லை. நம் வெயிலுக்குக் கம்பளி நூல் தேவையில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் துணியை நாடாவாக வெட்டினால், தடித்த ஊசியில் எவரும் சீக்கிரம் பழகிக்கொள்ளலாம். தொலைவில் நின்று பார்ப்பவருக்கும் பின்னல் நன்றாகத் தெரியும். பின்னத் தெரியாதவர் தெரிந்தவரின் அருகில் அமரட்டும், அந்த இணை வெவ்வேறு சமயத்தவராக இருக்கட்டும். ஆண்களையும் கண்டிப்பாக அழைக்க வேண்டும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பின்னல் தொழிற்குழுக்கள் ஆண்களுடையவையாகவே இருந்தன, திருப்பூரில் பின்னல் இயந்திரங்களை இயக்குபவர்களிலும் ஆண்கள் நிறையப் பேர். தொழுகை நேரம், மாலை ஆராதனை, விளக்கேற்றும் வேளை ஆகியவற்றுக்கு எழுந்து போய்த் திரும்பி வர வசதி இருக்க வேண்டும். எழுந்து போனவரின் வரிசையை அடுத்தவர் தொடர்ந்து பின்னலாம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். ஓம், சிலுவை, பிறை ஆகிய மூன்றையும் வரிசையாகப் பின்னச் சொல்லாதீர்கள். அப்படிச் செய்தால் அவரவர் தம் சின்னத்தைத் தனியே பின்னிவிட்டு எழுந்துவிடுவார்கள், எது பெரியது எது நடுவில் என்ற பேச்சும் கிளம்பும். வெறும் கோடுகளே போதும். பரிசு, போட்டி, பொன்னாடை எதுவும் வேண்டாம். சிறப்பு விருந்தினர் வந்தால் அவரும் உட்கார்ந்து இரண்டு வரிசை பின்னிவிட்டுப் போகட்டும்.

வரும் ஆகஸ்ட் 20 அன்று உறுதிமொழி முடிந்த பிறகு, நாகர்கோவிலில் மக்கள் வந்துபோகும் பொது இடம் ஒன்றில் ஒரு வார காலத்துக்கு மாலை நான்கு முதல் ஏழு மணி வரை இதற்கு அனுமதி தருமாறு மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். நிழல், குடிநீர், நாற்காலிகள், பெண்களுக்கான கழிப்பறை ஆகியவை இருந்தால் போதும். ஊசியும் துணி நாடாவும் நாங்கள் கொண்டுவருகிறோம். மற்ற ஊர்களில் குரோஷா, வயர்க் கூடை, லேஸ் பின்னத் தெரிந்த வாசகர்கள் இது பற்றிய தங்கள் கருத்துகளை எழுதினால், அவற்றையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
நாகர்கோவில்.