மின்னேரியாவுக்கு ஆவணியில் வா

அன்புள்ள தங்கச்சி,

இறுதியாண்டில் நீர்ப்பாசனப் பொறியியல் எடுக்கப்போவதாகச் சொன்னாய். அப்படியென்றால் இந்த விடுமுறைக்கு நீ மின்னேரியாவுக்குத்தான் வரவேண்டும். எல்லாரும் யானை பார்க்க வருகிறார்கள். நீ முதலில் அணைக்கட்டில் ஏறி நட.

கி.பி. 3ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையில் ஆட்சிக்கு வந்த மகாசேன மன்னன் கட்டிய குளம் இது. அம்பன் கங்கையை எலஹெரவில் மறித்து, அங்கிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீரை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறார்கள். சுற்றுவட்டார மக்கள் அந்த மன்னனை இன்றும் மின்னேரித் தெய்வம் என்று கும்பிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் பொருத்தமாகவே படுகிறது.

நீ ஊன்றிப் பார்க்கவேண்டியது பிசோகொட்டுவவை. அணைக்கட்டின் உட்பக்கச் சரிவில் கருங்கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்டிய சதுரக் கிணறு அது. குளத்துத் தண்ணீர் முதலில் இதற்குள் வந்து வேகம் தணியும். வெளியேறும் அளவை இங்கேயே கட்டுப்படுத்தி, கட்டுக்கு அடியில் போகும் கல் மதகு வழியாக வாய்க்காலுக்கு விடுவார்கள். இந்தக் கிணறு இல்லாமல் ஆழமான குளத்துத் தண்ணீரை நேரே திறந்தால், அதன் அழுத்தமே மண்கட்டை அரித்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்த ஹென்றி பார்க்கர், ஐரோப்பாவில் பிற்காலத்தில் வந்த வால்வுக் கிணறுகளின் வேலையைத்தான் இது செய்தது என்று கண்டு வியந்து எழுதினார்.

சரி, யானைக்கு வருகிறேன். சிறுபோகத்துக்கு, அதாவது வறண்ட மாதங்களில் செய்யும் நெல்லுக்குத் தண்ணீர் திறக்கத் திறக்க, குளம் வற்றிக் கரையோரம் விரிந்துகொண்டே போகும். அந்த ஈரத்தரையில் இளம்புல் முளைக்கும். ஆவணி, புரட்டாசியில் சுற்றுக்காடெல்லாம் காய்ந்து கிடக்கையில் பச்சை இருப்பது இங்கேதான். இருநூறு, முந்நூறு யானைகள்கூட ஒரே நேரத்தில் கூடியதுண்டு. அவை மேய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முன்காலால் புல்லைச் செத்தி, தும்பிக்கையால் கூட்டி அள்ளி, காலில் தட்டி மண்ணை உதறிவிட்டுத்தான் வாய்க்குள் வைக்கும். குட்டிகளுக்கு அது இன்னும் கைவராது. தும்பிக்கையில் எடுத்த புல் பாதி வழியிலேயே விழுந்துவிடும்.

உழவனுக்காகத் திறந்த தண்ணீர்தான் யானைக்குப் புல்லாகிறது. அதனால்தான் இப்போது எனக்குக் கவலை. அதே அம்பன் கங்கையில் கட்டிய மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018இல் இயங்கத் தொடங்கிய பிறகு, சில ஆண்டுகள் வறண்ட மாதங்களிலும் மின்னேரியாவில் நீர்மட்டம் உயர்ந்தே நின்று புல்வெளி மூழ்கிப்போனது. வந்த யானைகளும் குறைந்தன. வயலுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? ஆனால் எந்த மாதம் எவ்வளவு நிறைப்பது என்று அட்டவணை போடும்போது, பயிரோடு அந்தப் புல்லையும் சேர்த்துக் கணக்கிடலாமே. நாளைக்கு அந்த மேசையில் நீயும் இருக்கக்கூடும். அதனால்தான் உனக்கு இதை எழுதுகிறேன்.

காலையில் அணைக்கட்டைப் பார்த்துவிட்டு, பின்னேரம் மூன்று மணிபோல அம்பகஸ்வெவ வாசலால் மின்னேரியா தேசியப் பூங்காவுக்குள் போவோம். ஜீப்காரரிடம் யானைக்குக் கிட்டப் போகச் சொல்லாதே, குட்டிகளோடு நிற்கும் கூட்டம் மிரளும். புறப்படுமுன் நீர்மட்டத்தை விசாரித்துச் சொல்கிறேன். இங்கே புல் மூழ்கியிருந்தால் யானைகள் அருகிலுள்ள கவுடுல்லக் குளத்துப் பக்கம் போயிருக்கும், நாமும் அங்கே போவோம்.

அன்புடன்,
அண்ணா