விலை இறங்கவில்லை, ஏறுவதுதான் நின்றது

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் பணவீக்கம், அதாவது விலை ஏறும் வேகம், கட்டுக்குள் வந்துவிட்டது என்று நீங்கள் எழுதிய தலையங்கத்தை வாசித்தேன். பிழை சொல்ல வரவில்லை. ஆனால் அதை வாசித்த பக்கத்து வீட்டுக்காரர் பேப்பரோடு வந்து, "அப்ப ஏன் மாஸ்டர் கடையில சாமான் விலை இறங்கேல்லை?" என்று கேட்டார். உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்தவன் நான், தப்ப முடியவில்லை.

பழைய கொப்பி ஒன்றில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான்கள் என்று வைப்போம். கொழும்பில் சாமான் விலைகளின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். ஆகவே 170 ரூபா. அடுத்த செப்டெம்பரில் 1.3 சதவீதம் கூடி 172. 2024 செப்டெம்பரில் மறை 0.5, ஒரு ரூபா குறைந்து 171. 2025 செப்டெம்பரில் 1.5 ஏறி, கிட்டத்தட்ட 174. அதுவும் கொழும்புக் கணக்கு, யாழ்ப்பாணத்தில் எங்கள் சுன்னாகம் சந்தைக் கணக்கு அல்ல.

அவர் கொஞ்ச நேரம் கொப்பியைப் பார்த்துவிட்டு, "என்ர சம்பளம் 174 ஆகேல்லையே" என்றார். கடையொன்றில் கணக்கெழுதுபவர் அவர்.

அந்த ஒரு ரூபா குறைந்த கதையும் பெரிதல்ல. பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே, மறைப்பக்கம் போனதற்கு மின்கட்டணக் குறைப்பு ஒரு முக்கிய காரணம். 2024இலும் குறைத்தார்கள், 2025 ஜனவரியில் சராசரியாக மேலும் 20 சதவீதம் குறைத்தார்கள், அந்த ஜூனில் 15 சதவீதம் கூட்டினார்கள். அவ்வளவுதான் அதன் ஆயுள்.

பொருளாதார வளர்ச்சிக்கும் இதே கணக்குத்தான். 2024இல் 5 சதவீத வளர்ச்சி என்று மகிழ்ந்தோம், சரி. ஆனால் 2022இல் 7.3 சதவீதம், 2023இல் 2.3 சதவீதம் என்று சுருங்கிய பிறகு வந்த 5 அது. 2021இன் நாட்டு உற்பத்தியை 100 என்று வைத்தால் 2024 முடிவில் 95இல்தான் நின்றோம்.

இனி வருவதுதான் எனக்குப் பயம். 2022 ஏப்ரலில் கட்டமுடியாது என்று நிறுத்திய வெளிநாட்டுக் கடனை மறுசீரமைத்தாயிற்று, ஆனால் பெரிய தவணைகள் 2028இல் தொடங்குகின்றன. அதற்கான டொலரை மத்திய கிழக்கில் வேலை செய்யும் பிள்ளைகள் அனுப்பும் காசிலும், சுற்றுலாவிலும், ஆடை ஏற்றுமதியிலும்தான் தேடவேண்டும். ஆடைக்கோ அமெரிக்கா 2025 ஓகஸ்டில் 20 சதவீத வரி போட்டது. அதே வருடம்தான் டொலரை வெளியே கொண்டுபோகும் வாகன இறக்குமதியையும் திறந்துவிட்டோம். போதாதற்கு நவம்பரில் டித்வா புயல், அதன் நேரடிச் சேதத்தை உலக வங்கி 4.1 பில்லியன் டொலர் என்று மதிப்பிட்டது.

உங்களிடம் ஒரு சின்னக் கோரிக்கை. ஒவ்வொரு மாதமும் பணவீக்கச் செய்தி போடும்போது, அரிசி, பருப்பு, பால்மா, மண்ணெண்ணெய் இவற்றின் இன்றைய விலைக்குப் பக்கத்தில் 2021 விலையையும் போடுங்கள். நாலு வரி போதும். பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் கொப்பி திறக்கத் தேவையிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
சுன்னாகம்