பெரிய மானிட்டரில் மறுபடி படம் வந்தது: உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

லினக்ஸ் ஓடும் என் லேப்டாப்போடு எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தும் படம் வராமல், மேசை மேல் கறுப்பாக உட்கார்ந்திருந்த மானிட்டரில் படம் வந்துவிட்டது. இரண்டு பக்கங்களை அருகருகே விரித்து மெய்ப்புப் பார்க்க முடிகிறது. புத்தகப் பக்கம் அமைத்துப் பிழைக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். போனில் நன்றி சொல்லியாயிற்று. ஆனாலும் எழுதி வைத்தால், இதே கோளாறில் மாட்டிக்கொள்ளும் இன்னொருவருக்கும் உங்கள் உதவி போய்ச் சேருமே. பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை.

முதல் நன்றி கணினிக் கடை அண்ணனுக்கு. புது எச்டிஎம்ஐ கேபிள் வாங்கத்தான் போனேன். அவர் நினைத்திருந்தால் விற்றிருக்கலாம். என் கேபிளையே வாங்கி, கடையில் இருந்த வேறொரு லேப்டாப்பில் சொருகி, படம் வருவதைக் காட்டிவிட்டு, "கேபிள் நல்லாத்தான் இருக்கு, காசை வேஸ்ட் பண்ணாதீங்க" என்றார். சர்வீஸுக்குப் போய் மதர்போர்டு மாற்றி வந்த லேப்டாப் என்று சொன்னதும், "போர்டு மாறின பிறகுதானே வரல? அப்ப அங்கிருந்தே தேடுங்க" என்றார். லினக்ஸ் அவருக்குப் பழக்கமே இல்லை. ஆனால் கடைசியில் விஷயம் அந்தப் போர்டு மாற்றத்தில்தான் இருந்தது.

எதிர்வீட்டுத் தங்கை எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். இந்த லேப்டாப்பில் படம் வரையும் சிப் இரண்டு, ஒன்று இன்டெல், இன்னொன்று என்விடியா என்பதை அவள்தான் தாளில் வரைந்து காட்டினாள். லேப்டாப்பின் சொந்தத் திரை இன்டெலோடு இணைந்திருக்கிறது. எச்டிஎம்ஐ போர்ட்டின் கம்பிகளோ நேராக என்விடியாவுக்குப் போகின்றன. இது மாடலுக்கு மாடல் மாறும் என்றும் சொன்னாள். என்விடியா சிப் தூங்கிவிட்டால் அந்த போர்ட் வெறும் ஓட்டைதான், இன்டெல் பக்கம் என்ன மாற்றினாலும் அதில் படம் வராது. அப்புறம் தன்னுடைய டைப்-சி அடாப்டரை எடுத்துக் கொடுத்தாள். என் லேப்டாப்பில் டைப்-சி போர்ட் இன்டெலோடு இணைந்தது போலிருக்கிறது, அதில் சொருகியதும் மானிட்டர் எரிந்தது. வேலை நிற்கவில்லை. மானிட்டர் மேலும் பழி இல்லை என்று தெரிந்தது. தங்கையே, அடாப்டரை இந்த வாரம் கொண்டுவந்து தந்துவிடுகிறேன்.

கல்லூரித் தோழனுக்குச் சொல்ல வேண்டிய நன்றிதான் இதில் பெரியது. போனில் இருந்தபடியே என்னை டெர்மினலுக்கு, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்துக்கு, அழைத்துப் போனாய். சிஸ் என்ற ஃபோல்டருக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம். லினக்ஸின் உட்கருவான கர்னலுக்குத் தெரிந்த ஒவ்வொரு திரை வாயிலும் அங்கே ஒரு பெயரோடு இருக்கும், ஒவ்வொன்றிலும் ஸ்டேட்டஸ் என்று ஒரு கோப்பு. நான் எச்டிஎம்ஐ "டிஸ்கனெக்டட்" என்று காட்டும் என எதிர்பார்த்தேன். நீ கேட்ட கேள்வி வேறு: "அந்தப் பேரே அங்க இருக்கா, இல்லையா?" இல்லை. டிஸ்கனெக்டட் என்று வந்தால் கேபிளையோ மானிட்டரையோ சந்தேகப்படலாம், பெயரே இல்லையென்றால் அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரே ஏறவில்லை என்று நீ விளக்கியபோது பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது.

மீதிப் பாதி செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையெழுத்து இல்லாத மென்பொருளை ஏறவிடாத காவல். என்விடியா டிரைவரைக் கையால் ஏற்றிப் பார்க்கச் சொன்னாய், சாவி நிராகரிக்கப்பட்டது என்று பதில் வந்தது. என் கணினியிலேயே தொகுக்கப்படும் அந்த மாட்யூலுக்கு, அதாவது கர்னலோடு சேரும் டிரைவர் துண்டுக்கு, ஒரு டிஜிட்டல் கையெழுத்து உண்டு. அதைச் சரிபார்க்கும் சாவி ஹார்டு டிஸ்கில் இல்லை, மதர்போர்டின் நினைவகத்தில் பதிந்திருக்கும். பழைய போர்டோடு சாவியும் போய்விட்டது. புது போர்டில் செக்யூர் பூட் விழித்திருந்ததால் அந்த மாட்யூலை உள்ளே விடவில்லை. நூவோ என்ற திறந்த டிரைவராவது வந்திருக்கலாமே என்றால், என்விடியா டிரைவரை நிறுவும்போதே அது தடைப்பட்டியலில் போய்விட்டதாம். செக்யூர் பூட்டை அணைத்துவிட்டாலே போதும் என்று பலர் சொல்வார்கள், நீ சொல்லவில்லை. சாவியைப் பதிய உதவும் மாக்யூட்டில் என்ற கருவியில் சாவியை மறுபடி கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யும்போது பக்கத்திலேயே இரு, சாவியை உறுதிசெய்யக் கேட்கும் நீலத் திரை 10 விநாடிதான் காத்திருக்கும் என்று எச்சரித்தாய். பட்டனை அழுத்தி, கடவுச்சொல் கொடுத்து, உள்ளே வந்து பார்த்தால் எச்டிஎம்ஐ பெயர் வந்து நிற்கிறது!

படம் வந்ததே தவிர, பெரிய திரையில் மவுஸ் இழுத்து இழுத்து நகர்ந்தது. வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை பார்க்கும் அக்காதான் காரணம் சொன்னார். இன்டெல் வரைந்த ஒவ்வொரு காட்சியும் என்விடியாவுக்கு நகலாகிப் பிறகே வெளியே போகிறது. நான் பயன்படுத்தும் க்னோம் டெஸ்க்டாப்பில் என்விடியாவையே முதன்மைச் சிப்பாக்கும் ஒற்றை வரி யூடெவ் விதியை (கருவிகளை எப்படி நடத்த வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் அமைப்பு) அக்கா அனுப்பிவைத்தார். இப்போது மவுஸ் வழுக்கிக்கொண்டு போகிறது. ஃபேன் சத்தம் கூடிவிட்டது, பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். எப்போதும் சார்ஜரில் இருக்கிற லேப்டாப், போகட்டும்.

முகம் தெரியாதவர்களுக்கும் கொஞ்சம் நன்றி பாக்கி இருக்கிறது. ஒரு சிப் வரைந்ததை இன்னொரு சிப் காட்ட வைக்கும், 2010-இல் டேவ் ஏர்லி தொடங்கிய பிரைம் வேலை, கருவிகள் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ள சுமித் செம்வால் எழுதி 2012-இல் கர்னல் 3.3-இல் சேர்ந்த டிஎம்ஏ-பஃப், இவை இல்லாமல் இரண்டு சிப்புகள் ஒரே படத்தைப் பகிர்ந்துகொள்வது நினைத்துப் பார்க்க முடியாதது. அதே 2012 ஜூனில் ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு பெண் எழுந்து, இந்த இரட்டைச் சிப் லேப்டாப்புகளின் நிலைமை பற்றி லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸிடம் கேட்டார். லினஸ் என்விடியாவைத் திட்டி நடுவிரல் காட்டியதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டவரைத்தான் பிடிக்கும். அடுத்த வருடமே என்விடியாவின் 319 வரிசை டிரைவரில் இரட்டைச் சிப் லேப்டாப்புகளுக்கு ஆதரவு வந்தது. 2022 மே மாதம் கர்னல் மாட்யூல்களின் மூலநிரலையே அந்த நிறுவனம் வெளியிட்டது.

உங்களில் யாருக்காவது திருமணப் பத்திரிகையோ கவிதைத் தொகுப்போ பக்கம் அமைக்க வேண்டியிருந்தால் கோப்பை அனுப்பிவிடுங்கள். கூலி கேட்க மாட்டேன்.

அன்புடன்,
எதிர்வீட்டுப் பக்க வடிவமைப்பாளர்