புழுவைச் சீவியவர் பெயரும் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீ. எலிகன்ஸ் புழுவின் நரம்பு மண்டலத்தை முழுதாக வரைந்த கதையை ஞாயிறு இணைப்பில் வெளியிட்டதற்கு நன்றி. கேம்பிரிட்ஜ் ஆய்வகம், ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு, அதில் 302 நரம்பணுக்கள், எல்லாம் சரிதான். ஆனால் கட்டுரையைப் படிப்பவர்கள், அந்த ஆய்வகத்தின் விஞ்ஞானி சிட்னி பிரென்னர் தனியாளாக நுண்ணோக்கியில் குனிந்து பார்த்து அத்தனையையும் வரைந்து முடித்தார் என்றுதான் நினைப்பார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குத் திசு வெட்டிக் கொடுத்தே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

1986இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அந்த வரைபடத்தை வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை 340 பக்கம். ஜான் ஒயிட், ஐலீன் சவுத்கேட், நிக்கோல் தாம்சன், கடைசியாக பிரென்னர் என்று நான்கு பேர் கையெழுத்து அதில் இருக்கிறது. புழுவைச் சீவியவர் தாம்சன். அச்சிட்ட படங்களில் ஒவ்வொரு நரம்பிழையையும் படத்துக்குப் படம் தொடர்ந்து போய் பேனாவால் அடையாளம் இட்டவர்கள் ஒயிட்டும் சவுத்கேட்டும். சவுத்கேட் பள்ளியை விட்டதும் ஆய்வக உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தவர். நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி கடத்தும் இணைப்புகளான சினாப்ஸ்கள் சுமார் 5,000, அந்தக் கைகள் வழியாகத்தான் கணக்குக்கு வந்தன.

சீவுவது என்றால் என்னவென்று சொல்கிறேன். முதலில் திசுவை ஆஸ்மியம் டெட்ராக்சைடு என்ற ரசாயனத்தில் ஊறவைக்க வேண்டும். செல் சவ்வுகளில் உள்ள கொழுப்பு அதைப் பிடித்துக்கொள்வதால்தான் படத்தில் சவ்வு கருங்கோடாகத் தெரிகிறது. (அதன் ஆவி கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.) பிறகு ரெசினில் புதைத்து, அது கெட்டியானதும் வைரக்கத்தியில் சுமார் 50 நானோமீட்டர் தடிமனுக்கு வெட்டுவோம். ஒரு மில்லிமீட்டருக்கு அப்படி 20,000 சீவல் வரும். வெட்டிய சீவல் கத்திக்குப் பின்னால் உள்ள தண்ணீரில் எண்ணெய்ப் படலம் போல நிறம் காட்டி மிதக்கும். சாம்பல், வெள்ளி நிறம் என்றால் நல்லது. பொன் நிறம் என்றால் தடிமன் கூடிவிட்டது, தள்ளிவிட வேண்டியதுதான். குச்சியில் ஒட்டிய கண்ணிமை மயிரால் சீவல்களை நகர்த்தி, கிரிட் என்னும் சின்ன உலோக வலைத்தட்டில் ஏந்த வேண்டும். பக்கத்தில் ஒருவர் தும்மினால் போச்சு. அடுத்தடுத்துச் சில சீவல்கள் மடிந்தாலோ தொலைந்தாலோ, மெல்லிய நரம்பிழை எங்கே போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

கட்டுரையில் 'உயிருள்ள புழுவைப் படம் பிடித்தார்கள்' என்ற வரி தவறு. நுண்ணோக்கிக்குள் வெற்றிடம்; உயிரோடு எதுவும் அங்கே தாங்காது. அந்த வரைபடமும் ஒரே புழுவுடையது அல்ல, சில புழுக்களின் துண்டுகளைப் பொருத்தியது. ஆகவே நாம் பார்ப்பது, பதப்படுத்தியவர் எதைக் காப்பாற்றினாரோ அதைத்தான். நரம்பியல் ஆய்வாளர்கள் ஜான் ஹியூசரும் தாமஸ் ரீஸும் 1979இல் வெளியிட்ட வேலை இதற்கு நல்ல சான்று. நரம்பு முனையில் சேதியைக் கடத்தும் வேதிப்பொருள் வெளியாவது மில்லிசெகண்டுக் கணக்கில் நடந்து முடிவது. ரசாயனம் திசுவுக்குள் ஊறும்வரை அது காத்திருக்காது. எனவே திரவ ஹீலியத்தால் குளிர்வித்த செம்புக் கட்டியின்மேல் தவளைத் தசையை அறைந்து, அந்த நொடியிலேயே உறைய வைத்தார்கள். அந்த வேதிப்பொருளை அடைத்து வைத்திருக்கும் நுண்பைகள் வாய் திறந்த நிலையில் சிக்கின. வேதிப்பொருள் பொட்டலம் பொட்டலமாக வருகிறது என்று நரம்பு ஆய்வாளர் பெர்னார்ட் காட்ஸ் மின் அளவீடுகளை வைத்து 1950களிலேயே சொல்லியிருந்தார். படம் கிடைக்க அந்த உறைகருவி வேண்டியிருந்தது. அதை நான் வெறும் முன்தயாரிப்பு என்று ஒதுக்க மாட்டேன்.

'இன்று எல்லாவற்றையும் கணினியே செய்துவிடுகிறது' என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். 2024இல் வெளியான பழ ஈயின் மூளை வரைபடத்தில் 1,39,255 நரம்பணுக்கள் உள்ளன. இழைகளைக் கணினி தொடுத்தது உண்மை. அதற்கு முன் 40 நானோமீட்டர் தடிமனில் ஏறக்குறைய 7,000 சீவல்களை ஒருவர் வெட்ட வேண்டியிருந்தது. கணினி தொடுத்ததை நூற்றுக்கணக்கானோர் திருத்தவும் வேண்டியிருந்தது.

ஒயிட், சவுத்கேட், தாம்சன் மூவர் பெயரையும் ஒரு திருத்தக் குறிப்பாகவாவது வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்று: கட்டுரையோடு வந்த படத்தின் ஓரத்தை வெட்டியபோது படத்தில் எது எத்தனை பெரிது என்று காட்டும் அளவுக்கோடும் சேர்ந்து போய்விட்டது. அதில்லாமல் அந்தக் கரும்புள்ளி நுண்பையா, மைட்டோகாண்ட்ரியாவா என்று எங்களைப் போன்றவர்களுக்கே தெரியாது. முழுப் படத்தையும் மறுபடி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வகப் பணியாளர்