கடலை மிட்டாயும் கட்டிங் ஆர்டரும்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணமெல்லாம் இல்லை, சோம்பல்தான். பாப்பா உளவியல் படிக்கச் சேரப்போகிறாள் என்று எழுதியிருந்தாய், கூடவே "நாம படிச்ச அதே பாடம்தானே, உன் பழைய நோட்டு இருந்தா கொடுத்து அனுப்பு" என்றும் கேட்டிருந்தாய். நோட்டு பரணில் இருக்கிறது, கரையான் தின்றது போக. ஆனால் கொடுக்கமாட்டேன். ஹாஸ்டலில் விடிய விடிய டீ குடித்து நாம் உருப்போட்டதில் எது நிற்கிறது, எது விழுந்துவிட்டது என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை.

2015இல் ஒரு பெரிய குழு, 270 பேர் இருக்கும், உளவியல் இதழ்களில் வந்த நூறு ஆய்வுகளை எடுத்துத் திரும்பச் செய்து பார்த்தார்கள். முதல் முறை நூற்றுக்கு 97 ஆய்வுகளில் "ஆமாம், விளைவு இருக்கிறது" என்று வந்திருந்தது. மறுமுறை 36 சதவீதம்தான் தேறியது. இன்னொரு கூத்து கேள்: படிவத்தின் அடியில் கையெழுத்துப் போடுவதைவிட மேலே போட்டால் ஆட்கள் உண்மையாக நிரப்புகிறார்கள் என்று 2012இல் ஒரு ஆய்வு வந்தது, நானே ஆசிரியர் பயிற்சியில் சொல்லியிருக்கிறேன். அதிலிருந்த காப்பீட்டுத் தரவு இட்டுக்கட்டியது என்று தெரிந்து 2021இல் வாபஸ் வாங்கினார்கள். நேர்மையைப் பற்றிய ஆய்வில் போலிக் கணக்கு!

சரி, அதெல்லாம் ஊரான் கதை. என்னைச் சுட்டது மார்ஷ்மெல்லோ மிட்டாய்ச் சோதனை.

ஞாபகம் இருக்கிறதா? உளவியலாளர் வால்டர் மிஷெல், கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து நர்சரிப் பள்ளி, நான்கைந்து வயதுக் குழந்தைகள். எதிரே ஒரு தின்பண்டம். "நான் திரும்பி வரும்வரை தொடாமல் இருந்தால் இன்னொன்று" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பொறுத்திருந்த பிள்ளைகள் வளர்ந்து நன்றாகப் படித்தார்கள், நல்ல மதிப்பெண் எடுத்தார்கள் என்று நம் பேராசிரியர் சொன்னபோது நீ பின் பெஞ்சிலிருந்து "சார், நான் அப்பவே தின்னிருப்பேன்" என்று சொல்லி வெளியே போனாய். நான் உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். அதோடு விட்டேனா? வேலையில் சேர்ந்த பிறகு பெற்றோர் கூட்டம் ஒவ்வொன்றிலும் இந்தக் கதைதான். ஒரு வருஷம் ஆறாம் வகுப்பில் ஆளுக்கொரு கடலை மிட்டாய் கொடுத்து, மத்தியான மணி வரை வைத்திருப்பவனுக்கு இன்னொன்று என்றேன். கொடுத்த கை எடுப்பதற்குள் வாயில் போட்டுக்கொண்டான் ஒருவன். அவனை எழுப்பி நிற்கவைத்துப் பொறுமையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். காலையில் சாப்பிட்டு வந்தானா என்று கேட்கவே இல்லை.

2018இல் 900க்கும் மேற்பட்ட அமெரிக்கக் குழந்தைகளின் தரவை வைத்து அதைத் திரும்பப் பார்த்தார்கள். மிஷெல் பார்த்தது பெரும்பாலும் பல்கலைக்கழக ஆட்களின் பிள்ளைகள். இதில் தாய் கல்லூரிப் படிப்பை முடிக்காத வீட்டுப் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். காத்திருப்பதற்கும் பதினைந்து வயதில் எடுக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு பழைய ஆய்வில் வந்ததில் பாதிதான் இருந்தது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், குழந்தையின் ஆரம்பகாலத் திறன் இவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

அதைவிட எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் கூட்டாளிகளும் 2013இல் வெளியிட்டது. 28 குழந்தைகள்தான், சின்ன ஆய்வு. மிட்டாய்க்கு முன்னால் படம் வரையச் சொல்லிப் பழைய கிரேயான் கொடுக்கிறார்கள், "கொஞ்சம் இரு, நல்லதாகக் கொண்டுவருகிறேன்" என்று போகிறார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்கள், மீதிப் பாதிக்கு "மன்னிச்சுக்கோ, இல்லையாம்" என்று வெறுங்கையோடு வந்தார்கள். பிறகுதான் மிட்டாய். ஏமாறாத 14 பேரில் ஒன்பது பேர் முழு 15 நிமிஷமும் காத்திருந்தார்கள். ஏமாந்த 14 பேரில் ஒரே ஒரு குழந்தை. வருமா வராதா என்று தெரியாத இரண்டாவது மிட்டாயை நம்பிக் கையில் இருப்பதை எதற்கு விடவேண்டும்? ஏமாந்த குழந்தை கணக்குச் சரியாகத்தான் போட்டிருக்கிறது.

இன்னொன்று, இப்போது எல்லோரும் பேசுவது, யாரை வைத்து ஆராய்ந்தீர்கள் என்ற கேள்வி. 2003 முதல் 2007 வரை ஆறு பெரிய அமெரிக்க உளவியல் இதழ்களை எண்ணிப் பார்த்தவர், ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 96 சதவீதம் பேர் மேற்கத்திய தொழில்மய நாட்டுக்காரர்கள் என்றார். உலக மக்கள்தொகையில் அந்த நாடுகளின் பங்கு 12 சதவீதம். இதே மிட்டாய் சோதனையைக் கேமரூன் நாட்டில் விவசாயம் செய்யும் என்ஸோ மக்களின் பிள்ளைகளிடம் செய்தபோது பத்துக்கு ஏழு பேர் காத்திருந்தார்கள், ஜெர்மன் பிள்ளைகளில் பத்துக்கு மூன்று பேர்கூட இல்லை. மனித மனம் என்று நாம் படித்ததில் எத்தனை கலிஃபோர்னியா மனமோ.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை வைத்து ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், ஷாஃபிர், ஜாவ் நான்கு பேரும் செய்த ஆய்வு 2013இல் சயன்ஸ் இதழில் வந்தது. கரும்பு வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை, பணம் கைக்கு வந்த பிறகு ஒருமுறை, அதே ஆளுக்கு அதே மாதிரியான புதிர்ச் சோதனை. ஆலை ஒரே நாளில் எல்லோர் கரும்பையும் அரைக்க முடியாது, ஆளுக்கொரு வெட்டுத் தேதி கொடுக்கும், அதுதான் கட்டிங் ஆர்டர். அதனால் ஒரே மாதத்தில் ஒருத்தர் கையில் காசு இருக்கும், பக்கத்து வயல்காரர் கையில் இருக்காது. அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார்கள். வெட்டுக்கு முன் நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், வெட்டுக்குப் பின் நாலு பேர். வெட்டுக்கு முன் சோதனையிலும் மோசமாகச் செய்தார்கள்.

படித்தபோது அப்பா ஞாபகம் வந்துவிட்டது மச்சான். நாம் இரண்டாம் வருஷம் படித்தபோது மார்கழியில் கட்டிங் ஆர்டர் தருகிறோம் என்று சொன்ன ஆலை மாசியில்தான் தந்தது, பணம் அதற்கும் எத்தனையோ மாதம் கழித்து. கரும்பு பூத்து எடை குறைந்துபோனது. அம்மாவின் சங்கிலி கடைக்குப் போயிற்று, அது உனக்குத் தெரியும், என் ஹாஸ்டல் பீஸே அதில்தான். அந்த மாதங்களில் அப்பா எவனோ நீட்டிய பேப்பரில் வட்டி என்னவென்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டார், சொன்னதையே திரும்பக் கேட்டார், பம்புசெட் சாவியைத் தொலைத்தார். அவருக்குப் புத்தி போயிற்று என்று நானே உன்னிடம் சொல்லியிருக்கிறேன். பணம் வந்த வாரம் அதே மனிதர் டன் கணக்கு, வெட்டுக்கூலி, லாரி வாடகை எல்லாவற்றையும் வாயாலேயே கூட்டிச் சொன்னார்.

ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களை வைத்துச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு ஒன்று 2016இல் வந்தது, அதில் அறிவுச் சோதனையில் வித்தியாசம் எதுவும் இல்லை. மாதச் சம்பளமும் வருஷத்துக்கு ஒருமுறை வரும் கரும்புப் பணமும் ஒன்றா என்பது என் கேள்வி. அப்பாவுக்காகச் சாய்ந்து பேசுகிறேனோ என்னவோ.

இப்போது புதிதாக ஆட்களுக்குப் பதில் ஏஐயிடமே கருத்துக்கணிப்புக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறார்கள். செலவு கம்மி. கரும்புக்காரரை அது எங்கே பார்த்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் பாப்பா படித்து முடிப்பதற்குள் இதுதான் பெரிய சண்டையாக இருக்கும், அவளுக்கு அதில் ஆர்வம் வரலாம். ஆய்வுக்கு முன்பே என்ன எதிர்பார்க்கிறோம் என்று எழுதிப் பதிவு செய்துவிடுவது இப்போது வழக்கமாகி வருகிறது, அதை முதல் வருஷத்திலேயே பழகச் சொல். புள்ளியியலுக்குப் பயப்படவேண்டாம் என்றும் சொல், அதில் அரியர் வைத்த உன்னைப் பார்த்து அவள் பயந்திருப்பாள்.

அவளை அழைத்துக்கொண்டு இங்கே ஒருமுறை வா. தம்பி இன்னும் அதே நிலத்தில் கரும்புதான் போடுகிறான், அவனிடமே கேட்கட்டும். வெட்டு நடக்கும்போது வந்தால் பார்க்க நன்றாக இருக்கும். தை மாதம் கட்டிங் ஆர்டர் தருவதாக ஆலையில் சொல்லியிருக்கிறார்களாம். அதை நம்பி நீ டிக்கெட் போட்டுவிடாதே.

உன்
பழைய ரூம்மேட்